இரவல் புத்தகம் படித்த ராமேசுவரம் சிறுவன்

ரெயில் வருகிறது. ஆனால் அது நிற்காது.

ஓடிக்கொண்டு இருக்கும் ரெயிலில் இருந்து ஒரு கட்டு "தொப்" என்று கீழே விழுகிறது. பின்னாலேயே இன்னொரு கட்டு. ரெயில் தனுஷ்கோடியை நோக்கிப் போய் மறைகிறது.

காத்துக்கொண்டு இருந்த ஒரு சிறுவன் ஓடிப்போய்க் கட்டுகளை எடுக்கிறான். அவற்றைத் தூக்கிக்கொண்டு ராமேசுவரம் ஊருக்குள் ஓடுகிறான். வீடு வீடாகப் போகிறான்.

கட்டுகளில் இருந்தவை பத்திரிகைகள். அப்போது நடந்துகொண்டு இருந்தது 2-வது உலகப்போர். போர்க்காலம் என்பதால் ராமேசுவரத்தில் ரெயில் நிற்பதை ரத்து செய்துவிட்டார்கள். அதனால்தான், ராமேசுவரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ஓடும் ரெயிலில் இருந்து பத்திரிகைக் கட்டுகளைத் தூக்கிப் போட்டார்கள்.

அந்தச் சிறுவன், படகு கட்டும் ஜைனுலாப்தீனின் மகன். பெயர் அப்துல் கலாம். 1931-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 15-ந்தேதி பிறந்தவன். பிற்காலத்தில் ராக்கெட் விஞ்ஞானியாகி, 2002-ம் ஆண்டு இந்தியாவின் ஜனாதிபதி ஆனவர் இவர்தான்.

அவர் ஜனாதிபதி ஆன கதை எல்லோருக்கும் தெரியும். அவர் புத்தகம் படிக்கப் பழகியது எப்படி? வீட்டில் புத்தக அலமாரி இல்லை. வாங்கப் பணம் இல்லை. சுற்றிலும் கடல்.

ஒரு ஊர், ஒரு பத்திரிகைக்காரர்

ராமேசுவரம் ஒரு தீவு. பாம்பன் ரெயில் பாலம் 1914-ம் ஆண்டு திறக்கப்பட்டது. பஸ்சும் காரும் போகும் பாலம் வந்தது 1988-ம் ஆண்டில்தான். கலாம் சிறுவனாக இருந்தபோது தீவுக்கு வர இரண்டே வழிகள். ஒன்று ரெயில். மற்றொன்று படகு. உலகச் செய்தியும் அந்த வழியாகத்தான் வர வேண்டும்.

ராமேசுவரத்துக்கு வரும் பத்திரிகைகளுக்கு எல்லாம் ஒரே ஏஜெண்டு. அவர் பெயர் சம்சுதீன். கலாமுக்குச் சொந்தக்காரர், அண்ணன் முறை. முதலாளியும் அவரே, வேலைக்காரரும் அவரே! அப்போது ஊரில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் ஏறக்குறைய ஆயிரம் பேர்.

எதற்காகப் பத்திரிகை வாங்கினார்கள்? சுதந்திரப் போராட்டச் செய்தி தெரிந்துகொள்ளச் சிலர் வாங்கினார்கள். ராசிபலன் பார்க்கச் சிலர் வாங்கினார்கள். சென்னையில் தங்கம், வெள்ளி என்ன விலை என்று பார்க்கவும் சிலர் வாங்கினார்கள்! காந்தி, ஜின்னா, ஹிட்லர் பற்றி விவாதம் செய்தவர்களும் இருந்தார்கள். பெரியாரின் கொள்கை பற்றியும் பேச்சு நடந்தது. அதிகமாக விற்ற பத்திரிகை 1934-ம் ஆண்டு தொடங்கப்பட்ட "தினமணி".

சிறுவன் கலாமுக்கு முதலில் பத்திரிகையைப் படிக்கத் தெரியாது. சம்சுதீன் கட்டைப் பிரித்ததும் படங்களை மட்டும் பார்ப்பான். பிறகு பத்திரிகை போய்விடும்.

1939-ம் ஆண்டு போர் தொடங்கியது. கலாமுக்கு அப்போது 8 வயது. திடீரென்று புளியங்கொட்டைக்குக் கிராக்கி வந்தது. கலாம் புளியங்கொட்டை பொறுக்கி, மசூதித் தெருக் கடையில் விற்றான். ஒரு நாளைக்கு ஒரு அணா கிடைத்தது. (ஒரு ரூபாய்க்கு 16 அணா.)

ரெயில் நிற்காமல் போகத் தொடங்கியதும், கட்டுகளை எடுக்க சம்சுதீனுக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. அந்த வேலை கலாமுக்குக் கிடைத்தது. அவன் வாங்கிய முதல் சம்பளம் அதுதான்.

நாளடைவில் படம் பார்த்த பையன் தலைப்புகளைப் படிக்கத் தொடங்கினான். தலைப்புகளைப் படிக்கும் ஆசை எப்படி வந்தது? அதற்கு இன்னொருவர் காரணம்.

ஆங்கிலம் தெரிந்த ஒரே ஆள்

அவர் அகமது ஜலாலுதீன். கலாமைவிடச் சுமார் 15 வயது மூத்தவர். காண்டிராக்டர். கலாமை அவர் "ஆசாத்" என்று செல்லமாக அழைப்பார். பிற்காலத்தில் கலாமின் அக்காள் ஜோகராவை மணந்து, மச்சானும் ஆனார்.

வீட்டில் வறுமை. அதனால் ஜலாலுதீன் அதிகம் படிக்கவில்லை. ஆனாலும் அந்தத் தீவு முழுவதிலும் அப்போது ஆங்கிலம் எழுதத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான் என்று கலாம் எழுதி இருக்கிறார். வேலைக்கு மனுப் போட வேண்டுமா? வெளியூருக்குக் கடிதம் எழுத வேண்டுமா? எல்லோரும் ஜலாலுதீனைத் தேடி வருவார்கள். யார் கேட்டாலும் எழுதிக் கொடுப்பார்.

மாலை நேரத்தில் இருவரும் நடக்கப் போவார்கள். மசூதித் தெருவில் புறப்படுவார்கள். முதலில் சிவன் கோவிலைச் சுற்றி வருவார்கள். பிறகு கடற்கரை மணல். இப்படித்தான் தினமும் நடந்தது அந்தப் பாடம். கரும்பலகை இல்லாத பாடம்.

ஜலாலுதீன் என்ன பேசினார்? கடவுளைப் பற்றிப் பேசினார். புதிதாக வந்த கண்டுபிடிப்புகளைப் பற்றிப் பேசினார். எழுத்தாளர்களைப் பற்றியும், வைத்திய சாஸ்திரத்தில் நடக்கும் அதிசயங்களைப் பற்றியும் சொன்னார். போர்ச் செய்திகளையும் கதையாகச் சொல்வார். மறுநாள் கலாம் "தினமணி" தலைப்புகளில் அந்தச் செய்தியைத் தேடுவான்.

பையன் முதலில் காதால் கேட்டான். பிறகு கண்ணால் தேடினான். தமிழ்நாட்டில் அந்தக் காலத்தில் பலர் இப்படித்தான் படிக்கப் பழகினார்கள். டீக்கடையிலும் சலூனிலும் ஒருவர் உரக்கப் படிப்பார். பத்துப் பேர் கேட்பார்கள். கேட்டுக்கொண்டே இருந்தவர்களில் ஒருவருக்கு, "நாமே படித்தால் என்ன?" என்று தோன்றும்.

அரண்மனையில் இருந்தது, குடிசையில் இல்லை

ராமநாதபுரம் சீமையில் புத்தகமே இல்லையா? இருந்தது. சேதுபதி மன்னர்கள் புலவர்களை ஆதரித்தவர்கள். விவேகானந்தர் அமெரிக்கா போக உதவியவர் பாஸ்கர சேதுபதி. விவேகானந்தர் திரும்பி வந்தபோது, 1897-ம் ஆண்டு ஜனவரி மாதம் பாம்பனில்தான் கரை இறங்கினார். ராமநாதபுரம் அரச குடும்பத்தைச் சேர்ந்த பாண்டித்துரைத் தேவர் 1901-ம் ஆண்டு மதுரையில் தமிழ்ச் சங்கம் நிறுவினார். ஏடுகளையும் நூல்களையும் தேடிச் சேர்த்தார்.

ஆனால் அவை அரண்மனையிலும் சங்கத்திலும் இருந்த புத்தகங்கள். படகுக்காரர் வீட்டுப் பையன் கைக்கு அவை எப்படி வரும்?

இன்று இருப்பதைப் போல ஊர்தோறும் அரசாங்க நூல் நிலையம் அன்று கிடையாது. சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்ததே 1948-ம் ஆண்டில்தான். சுதந்திர இந்தியாவில் அப்படி ஒரு சட்டம் செய்த முதல் மாகாணம் சென்னைதான். கலாம் சிறுவனாக இருந்தபோது அந்தச் சட்டமும் இல்லை.

அவன் சிறுவனாக இருந்த காலத்தில் புத்தகம் கிடைப்பதே அரிது. அந்த நிலையில்தான் அவனுக்கு ஒரு வீட்டின் கதவு திறந்தது.

மாணிக்கம் வீட்டுப் புத்தகங்கள்

ராமேசுவரத்தில் எஸ்.டி.ஆர்.மாணிக்கம் என்று ஒருவர் இருந்தார். முன்பு தீவிரவாத தேசபக்தராக, புரட்சிக்காரராக இருந்தவர். அவர் வீட்டில் புத்தகங்கள் இருந்தன. பட்டணத்துக் கணக்கில் அது பெரிய நூல் நிலையம் ஆகாது. ராமேசுவரம் கணக்கில் பெரியதுதான்!

கலாம் அடிக்கடி அந்த வீட்டுக்குப் போவான். புத்தகம் இரவல் கேட்பான். மாணிக்கம் கொடுப்பார். கொடுத்ததோடு நிற்கவில்லை. "எவ்வளவு முடியுமோ அவ்வளவும் படி" என்று ஊக்கப்படுத்தினார்.

இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். புத்தகம் வைத்திருப்பவர்களைக் கேட்டால் தெரியும், இரவல் கொடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று! போன புத்தகம் திரும்பி வராது. வந்தால் அட்டை இருக்காது. அட்டை இருந்தால் நடுவில் நாலு பக்கம் இருக்காது. அதனால் பலர் அலமாரியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக் கொள்கிறார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கு இல்லை.

ஆனால் மாணிக்கம் பூட்டவில்லை. கேட்டு வந்தவன், பத்திரிகை போடும் ஒரு சின்னப் பையன். அவனிடம் ஈடு வைக்க ஒன்றும் இல்லை.

ராத்திரிப் படிப்பு மண்எண்ணெய் விளக்கில்தான். வீட்டில் எல்லோருக்கும் விளக்கு சீக்கிரம் அணைந்துவிடும். கலாம் படிப்பதற்காக அவன் தாயார் ஆஷியம்மாள் தனியாக ஒரு சின்ன விளக்கு கொடுத்தார். 11 மணி வரை படிப்பான். விடியற்காலையில் 4 மணிக்கு எழுந்திருப்பான். குளித்துவிட்டு முதலில் கணக்குப் பாடம் படிக்கப் போவான். பிறகு குர்ஆன் ஓதப் போவான். அதன் பிறகு பத்திரிகைக் கட்டு எடுக்க ஓடுவான்.

பள்ளிக்கூடத்திலும் ஒரு நல்லவர் கிடைத்தார். சிவசுப்பிரமணிய அய்யர் என்ற ஆசிரியர், பறவை எப்படிப் பறக்கிறது என்று கரும்பலகையில் படம் போட்டுக் காட்டினார். "புரிந்ததா?" என்று கேட்டார். பிள்ளைகள் விழித்தார்கள். கலாமுக்கும் புரியவில்லை. அய்யருக்குக் கோபம் வரவில்லை. அன்று மாலை வகுப்பு முழுவதையும் கடற்கரைக்கு அழைத்துப் போனார். பறவைகள் சிறகடித்து எழுவதையும், வாலைத் திருப்பி வளைவதையும் நேரில் காட்டினார். பறப்பதைப் பற்றிய ஆசை அன்று பிறந்தது.

பனியும் மணலும்

உயர்நிலைப் படிப்புக்காக கலாம் ராமநாதபுரம் சுவார்ட்ஸ் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். கூடவே போய்ச் சேர்த்துவிட்டவர்கள் யார் தெரியுமா? பத்திரிகை ஏஜெண்டு சம்சுதீனும், கடிதம் எழுதும் ஜலாலுதீனும்தான்.

1950-ம் ஆண்டு திருச்சி செயிண்ட் ஜோசப் கல்லூரிக்குப் போனார். அங்கே கடைசி வருஷத்தில் ஆங்கில இலக்கிய ஆசை பிடித்துக்கொண்டது. டால்ஸ்டாய், வால்டர் ஸ்காட், தாமஸ் ஹார்டி ஆகிய மூவரையும் விரும்பிப் படித்தார்.

டால்ஸ்டாய் எழுதியது ரஷியாவைப் பற்றி. பனி பெய்யும் ஊர். ஸ்காட் எழுதியது ஸ்காட்லாந்து மலைகளையும் பழைய வீரர்களையும் பற்றி. ஹார்டி எழுதியது இங்கிலாந்து கிராமத்து விவசாயிகளைப் பற்றி. சுடுமணலில் வளர்ந்த பையனுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? அந்த இடங்கள் தனக்குப் புதியவைதான் என்று கலாமே சொல்லி இருக்கிறார். ஆனாலும் பிடித்திருந்தது. ஹார்டியின் கதைகளில் வரும் ஏழைகளின் கஷ்டம், படகுக்காரர் வீட்டுப் பிள்ளைக்குப் புரியாமலா போகும்?

பிறகு சென்னை எம்.ஐ.டி.யில் விமான என்ஜினீயரிங் படிக்க இடம் கிடைத்தது. சேருவதற்கு 1,000 ரூபாய் தேவைப்பட்டது. அக்காள் ஜோகரா தன் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். ஜலாலுதீனின் மனைவி அல்லவா!

எம்.ஐ.டி.யில் தமிழ்ச் சங்கம் ஒரு கட்டுரைப் போட்டி வைத்தது. நம்முடைய விமானத்தை நாமே செய்வோம் என்று கலாம் தமிழில் எழுதினார். முதல் பரிசு அவருக்கே. பரிசு கொடுத்தவர் "ஆனந்த விகடன்" ஆசிரியர் தேவன். துப்பறியும் சாம்புவைப் படைத்துத் தமிழ்நாட்டையே சிரிக்க வைத்தவர். பத்திரிகைக் கட்டுத் தூக்கிய பையனுக்குப் பத்திரிகை ஆசிரியர் கையால் பரிசு!

மூர் மார்க்கெட்டில் 60 ரூபாய்

சென்னை சென்ட்ரல் ரெயில் நிலையத்தின் அருகில் முன்பு மூர் மார்க்கெட் இருந்தது. 1985-ம் ஆண்டு தீ விபத்தில் அது அழிந்துவிட்டது. பழைய புத்தகங்களுக்குப் பெயர் போன இடம். காசு இல்லாத மாணவர்களுக்கு அதுதான் கல்விக் கோவில்.

கலாம் எம்.ஐ.டி.யில் படித்தபோது ராமேசுவரத்தில் பெரும் புயல் அடித்தது. வீட்டுக்கு உடனே போக வேண்டும். கையில் காசு இல்லை. அவரிடம் இருந்த விலை உயர்ந்த பொருள் ஒன்றே ஒன்று. அது ஒரு புத்தகம்!

திமோஷென்கோ என்ற மேதை எழுதிய என்ஜினீயரிங் நூல் அது. பொருட்கள் பாரத்தால் எப்படி வளைகின்றன, பாரத்தை எடுத்ததும் எப்படிப் பழைய நிலைக்குத் திரும்புகின்றன என்பதைச் சொல்லும் நூல். நன்றாகப் படித்ததற்காக அவருக்குப் பரிசாகக் கிடைத்தது.

அதைத் தூக்கிக்கொண்டு மூர் மார்க்கெட்டுக்கு வந்தார். ஒரு பழைய புத்தகக் கடையில் நீட்டினார். கடைக்காரர் குடுமி வைத்த பெரியவர். அவர் புத்தகத்தைப் பார்த்தார். பையனின் முகத்தையும் பார்த்தார். விஷயத்தை விசாரித்தார்.

ஊருக்குப் போகத் தேவையான 60 ரூபாயை எடுத்துக் கொடுத்தார். புத்தகத்தை அவர் விலைக்கு வாங்கவில்லை. பணத்தைத் திருப்பிக் கொடுக்கும்வரை தானே பத்திரமாக வைத்திருப்பதாகச் சொன்னார். அதுவரை வேறு யாருக்கும் விற்பது இல்லை!

பழைய புத்தக வியாபாரிக்கு இதில் லாபம் ஏது? நல்ல புத்தகத்தைக் குறைந்த விலைக்கு வாங்கி அன்றே விற்றிருக்கலாம். கலாம் இந்தச் சம்பவத்தைக் கடைசிவரை மறக்கவில்லை.

"நீங்கள் என்ன படிக்கிறீர்கள்?"

ஜனாதிபதி ஆன பிறகு கலாம் பள்ளிக்கூடப் பிள்ளைகளைச் சந்திக்காத நாள் குறைவு. பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள். உங்களுக்குப் பிடித்த புத்தகம் எது என்ற கேள்வி கட்டாயம் வரும். அவர் சலிக்காமல் சொன்னவை மூன்று புத்தகங்கள்.

ஒன்று, லிலியன் வாட்சன் என்ற அமெரிக்கப் பெண்மணி தொகுத்த நூல். "பல விளக்குகளின் ஒளி" என்பது அதன் பெயரின் பொருள். பெரியவர்களின் வாக்குகளையும், அவை பிறந்த கதையையும் சொல்லும் புத்தகம். மாணவராக இருந்தபோது இதே மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகமாக வாங்கினார். ஐம்பது வருஷங்களுக்கு மேல் கூடவே வைத்திருந்தார். கிழியக் கிழியப் பைண்டு செய்துகொண்டார். துக்கம் வரும்போது அந்தப் புத்தகம் கண்ணீரைத் துடைக்கும் என்பார். மகிழ்ச்சி தலைக்கு ஏறும்போது இறக்கி வைப்பதும் அதுதான் என்பார்.

இரண்டாவது, திருக்குறள். வாழ்க்கைக்கு வழிகாட்டும் நூல் என்று அதைச் சொல்வார். வடநாட்டு மேடையில்கூடக் குறளைத் தமிழிலேயே சொல்லிப் பிறகு பொருள் சொல்வார்.

மூன்றாவது, அலெக்சிஸ் காரெல் என்ற பிரெஞ்சு டாக்டர் எழுதிய நூல். 1912-ம் ஆண்டு நோபல் பரிசு பெற்றவர் காரெல். நோய் தீர வேண்டுமானால் உடம்பையும் மனதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது அதில் கலாமுக்குப் பிடித்த கருத்து. டாக்டராக விரும்பும் மாணவர்கள் அதைப் படிக்க வேண்டும் என்பார். அந்த நூலில் ஏற்க முடியாத கருத்துகளும் உண்டு. சில மனிதர்கள் உயர்ந்தவர்கள், சிலர் தாழ்ந்தவர்கள் என்று காரெல் பிரித்துப் பேசுகிறார். கலாம் அதில் இருந்து எடுத்துக்கொண்டது வைத்தியத்தை மட்டும்தான்.

புத்தகக் கண்காட்சிகளுக்குப் போனால், கூட்டத்தினரை உறுதிமொழி எடுக்கச் சொல்வார். வீட்டில் 20 புத்தகங்களோடு ஒரு நூல் நிலையம் தொடங்க வேண்டும். அதில் 10 புத்தகங்கள் குழந்தைகளுக்கு. மகனும் மகளும் அதை 200 ஆக்க வேண்டும். பேரப்பிள்ளைகள் 2,000 ஆக்க வேண்டும். இதுதான் அவர் கணக்கு. எல்லோரும் கையை உயர்த்திச் சொல்வார்கள். வீட்டுக்குப் போய் எத்தனை பேர் செய்தார்கள் என்பது அவரவர் வீட்டுச் சுவருக்குத் தெரியும்!

தண்டவாளம் போனது

பத்திரிகைக் கட்டுகளைச் சுமந்து வந்த ரெயில் பாதை இப்போது இல்லை. 1964-ம் ஆண்டு டிசம்பர் 22-ந்தேதி நள்ளிரவில் அடித்த புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பயணிகளோடு வந்த ரெயிலைக் கடல் விழுங்கியது. அதன் பிறகு தனுஷ்கோடிக்கு ரெயில் ஓடவில்லை. 1914-ம் ஆண்டுப் பாம்பன் பாலமும் ஓய்வு பெற்றுவிட்டது. 2025-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் புதிய ரெயில் பாலம் திறக்கப்பட்டது.

கலாம் 2015-ம் ஆண்டு ஜூலை மாதம் 27-ந்தேதி ஷில்லாங்கில் மாணவர்களிடம் பேசிக்கொண்டு இருந்தபோது மயங்கி விழுந்து காலமானார். ராமேசுவரம் தீவில் உள்ள பேய்க்கரும்பில் அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் பிறந்த அக்டோபர் 15-ந்தேதியை மராட்டிய மாநிலத்தில் "வாசிப்பு ஊக்க நாள்" என்று கொண்டாடுகிறார்கள். அன்று பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் புத்தகம் படிப்பார்கள்.

கலாம் தன் வாழ்க்கைக் கதையை 1999-ம் ஆண்டு ஆங்கிலத்தில் வெளியிட்டார். தமிழில் அது "அக்னிச் சிறகுகள்". மராத்தியில் "அக்னிபங்க்". அந்தப் புத்தகத்தின் தொடக்கத்திலேயே மூன்று பெயர்கள் வருகின்றன. பத்திரிகை கொண்டுவந்த சம்சுதீன். கடற்கரையில் கதை சொன்ன ஜலாலுதீன். புத்தகம் இரவல் கொடுத்த எஸ்.டி.ஆர்.மாணிக்கம்.